மலை மிதிவண்டி ரிம் அகலத்தின் வரலாறு

மிதிவண்டிச் சக்கரத்தில் டயரைத் தாங்கி நிற்கும் வளையம் ரிம் எனப்படுகிறது. அதன் இரு சுவர்களுக்கும் இடையே, டயர் அமரும் இடத்தில் உள்ள தூரம் உள் அகலம் ஆகும். காற்றடைத்த டயர் எந்த வடிவில் நிற்கும், எவ்வளவு குறைந்த காற்றில் அதை ஓட்டலாம், கல்லிலும் வேரிலும் ஏறி இறங்கும்போது அதிர்ச்சி எந்த அளவுக்குக் கைகளை வந்தடையும் என்பவற்றை டயரோடு சேர்ந்து இந்த உள் அகலமும் முடிவு செய்கிறது.

மலை மிதிவண்டியின் வரலாற்றில் இந்த அளவு ஒரே திசையில் வளர்ந்துவிடவில்லை. 1970களில் கனமான அகல எஃகு ரிம்களில் தொடங்கி, 1990களில் பந்தயத்தின் எடைக் கணக்கால் 17 மி.மீ. வரை சுருங்கி, 2010களில் 35, 40 மி.மீ. வரை விரிந்து, அதன்பின் 30 மி.மீ. அளவுக்குத் திரும்பி வந்தது. இந்தப் போக்குவரத்து முழுவதிலும் டயரின் அகலம் அவ்வளவாக மாறவில்லை. ஓட்டுநர்கள் நீண்ட காலம் பட்ட சிரமங்களில் ஒரு பகுதிக்கு டயரைவிட அதன் அடியில் இருந்த ரிம்மே காரணம் என்பது தெளிவாக ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.

பலூன் டயரும் எஃகு ரிம்மும்

மலை மிதிவண்டியின் சக்கரம் மலைக்காக உருவாக்கப்பட்டதன்று. அமெரிக்காவில் சிகாகோ நகரின் ஷ்வின் நிறுவனம் 1933-ல் 26 × 2.125 அங்குல அளவில் ‘பலூன் டயர்’ பொருத்திய மிதிவண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிறுவனத்தை நடத்திய பிராங்க் ஷ்வின் ஐரோப்பாவில் கண்ட அகல டயர்களே இதற்குத் தூண்டுதல். அதுவரை அமெரிக்க மிதிவண்டிகளில் ரிம்மோடு ஒட்டப்படும் ஒற்றைக் குழாய் டயர்களே வழக்கத்தில் இருந்தன. அவற்றில் பஞ்சர் ஒட்டுவது கடினம். காற்றும் இறுக்கமாக அடைக்க வேண்டும். பலூன் டயரில் டியூப் தனி, டயர் தனி. குறைந்த காற்றிலேயே அது ஓடியது. சிறுவர்கள் கரடுமுரடான தெருக்களிலும் நடைபாதை ஓரங்களிலும் ஏற்றி இறக்கினாலும் தாங்கும் வகையில் அகலமான எஃகு ரிம் அதற்குப் பொருத்தப்பட்டது.

நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு இந்தப் பழைய வண்டிகளை கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்து இளைஞர்கள் தேடி எடுத்தனர். டமல்பாயிஸ் மலையைச் சுற்றியுள்ள மண்பாதைகளில் இறங்குவதற்கு மெல்லிய டயர் கொண்ட சாலை வண்டிகள் உதவவில்லை. 1930களின் ஷ்வின் எக்செல்சியர் போன்ற வண்டிகள் 20 கிலோவுக்கு மேல் கனத்தாலும் அந்த இறக்கத்தைத் தாங்கின. 1976 அக்டோபர் 21 அன்று பேர்பாக்ஸ் ஊருக்கு அருகே ‘ரீபேக்’ என்ற இறக்கப் பந்தயம் முதன்முதலாக நடந்தது. ஏறத்தாழ 3.4 கி.மீ. தூரத்தில் பாதை 400 மீட்டர் அளவுக்கு இறங்கியது. பின் சக்கரத்து கோஸ்டர் பிரேக்கின் கிரீஸ் சூட்டில் உருகிப் புகைந்து போகும். ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாக நிரப்ப வேண்டியிருந்ததால் பந்தயத்துக்கு அந்தப் பெயர் வந்தது.

சார்லி கெல்லி, கேரி பிஷர், ஜோ பிரீஸ் ஆகியோர் இந்தக் குழுவில் இருந்தனர். பிரீஸ் 1977-ல் இந்தப் பயன்பாட்டுக்கென்றே புதிய சட்டகம் ஒன்றைக் கட்டினார். மலைக்காகவே கட்டப்பட்ட முதல் வண்டிகளில் ஒன்றாக அது கருதப்படுகிறது. அந்த வண்டிகளில் அதிர்வு தாங்கும் ஸ்பிரிங் எதுவும் இல்லை. ஓட்டுநருக்கும் பாறைக்கும் இடையே இருந்த ஒரே மெத்தை, அகல ரிம்மில் அமர்ந்த பலூன் டயர்தான்.

அலுமினியமும் எடைக் கணக்கும்

எஃகு ரிம்முக்கு இரண்டு குறைகள் இருந்தன. மழையில் நனைந்தால் ரிம்மைப் பிடிக்கும் பிரேக் வழுக்கும். எடையோ மிக அதிகம். சக்கரத்தின் ஓரத்தில் உள்ள எடை வண்டியோடு முன்னே நகர்வதுடன் சுழலவும் செய்கிறது. எனவே அதை வேகப்படுத்த, சட்டகத்தில் உள்ள அதே எடைக்குத் தேவைப்படும் ஆற்றலைப் போல ஏறத்தாழ இருமடங்கு தேவைப்படும். மலையேறும் ஓட்டுநர் இதை ஒவ்வொரு மிதியிலும் உணர்வார்.

1970களின் இறுதியில் 26 அங்குல அலுமினிய ரிம்கள் கிடைக்கத் தொடங்கியதும் வண்டியின் எடை பல கிலோ குறைந்தது. மேட்டில் தள்ளிக்கொண்டு போன வண்டியை மிதித்து ஏற்ற முடிந்தது. 1979-ல் பிஷரும் கெல்லியும், டாம் ரிச்சி கட்டிய சட்டகங்களைக் கொண்டு ‘மவுண்டன்பைக்ஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். 1981-ல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் பெருமளவில் தயாரிக்கப்பட்டுக் கடைகளுக்கு வந்தது.

இந்தக் கட்டத்தில் எடையைக் குறைக்கும் முயற்சி ரிம்மின் அகலத்தைத் தொட்டது. சாந்தா குரூஸ் பகுதியில் பணியாற்றிய கீத் பான்ட்ரேகர், பிரான்சின் மேவிக் நிறுவனம் சாலைப் பந்தயத்துக்காகச் செய்த 700சி ரிம்களை வெட்டிச் சுருக்கி, 26 அங்குல வட்டமாக மீண்டும் வளைத்து இணைத்தார். அந்த ரிம்கள் குறுகலானவை. ஆனால் இலேசானவை, உறுதியானவை. பந்தய ஓட்டுநர்கள் அவற்றை விரும்பினர். சாலை வண்டியின் ரிம் அகலம் மலைக்கு வந்து சேர்ந்த வழிகளில் இது ஒன்று.

பந்தயம் வளர வளர இந்தப் போக்கு வலுத்தது. 1990-ல் கொலராடோ மாநிலத்தின் துராங்கோவில் முதல் அதிகாரபூர்வ உலக வாகையர் போட்டி நடந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை மிதிவண்டிப் போட்டி சேர்க்கப்பட்டது. குறுக்குநாட்டு ஓட்டத்தில் ஏற்றமே வெற்றியைத் தீர்மானித்ததால் ஒவ்வொரு கிராமும் கணக்கில் வந்தது. அக்காலத்தின் புகழ்பெற்ற மேவிக் 517 ரிம்மின் பெயரில் உள்ள 17 என்பது மி.மீ. அளவில் அதன் உள் அகலம். அதன்மேல் 1.9 முதல் 2.1 அங்குலம் வரை, அதாவது 48 முதல் 53 மி.மீ. வரை அகலமான டயர்கள் மாட்டப்பட்டன. டயரின் அகலம் ரிம்மைப் போல மும்மடங்காக இருந்தது.

ரிம் குறுகிய அதே காலத்தில் சொகுசைத் தேடும் முயற்சி வேறு பக்கம் திரும்பியது. 1989-ல் பால் டர்னர் உருவாக்கிய ராக்ஷாக்ஸ் ஆர்எஸ்-1 சஸ்பென்ஷன் ஃபோர்க் வெளிவந்தது. அதிர்வைத் தாங்குவது ஃபோர்க்கின் வேலை, பிடிப்பைத் தருவது டயரின் வேலை, ரிம்மின் வேலை இலேசாக இருப்பது என்ற பிரிவினை ஏற்பட்டது. பிரேக்கும் அகல ரிம்முக்குத் தடையாக இருந்தது. ரிம்மின் பக்கங்களைக் கட்டைகள் பிடித்து நிறுத்தியதால், அந்தப் பக்கங்கள் தேய்மானம் தாங்கும் தடிப்புடன் இருக்க வேண்டும். ஏற்கெனவே தடித்த சுவர்களைக் கொண்ட ரிம்மை அகலப்படுத்தினால் எடை மேலும் கூடும்.

குறுகிய ரிம்மில் அகல டயர்

இதன் விளைவைப் புரிந்துகொள்ள எளிய வடிவியல் போதும். டயரின் உறை நூல் அடுக்குகளால் ஆனது; அது பெரிதாக நீள்வதில்லை. அதன் இரு ஓரங்களிலும் ‘பீட்’ எனப்படும் கம்பி அல்லது நார் வளையம் உள்ளது. காற்றடைத்ததும் உறை வட்ட வில்லாக விரிகிறது. பீட்கள் இரண்டும் ரிம்மின் இரு சுவர்களில் போய் அமர்கின்றன. ரிம் அகலமானால் வில்லின் இரு முனைகளும் விலகுகின்றன. உறையின் நீளம் அப்படியே இருக்கிறது.

ஒரு பீட்டிலிருந்து மற்றொரு பீட் வரை 150 மி.மீ. நீளமுள்ள உறையை எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், 19 மி.மீ. உள் அகலமுள்ள ரிம்மில் டயர் ஏறத்தாழ 54 மி.மீ. அகலமாக நிற்கும். அதே டயர் 30 மி.மீ. ரிம்மில் 58 மி.மீ. அளவுக்கு விரியும். ரிம்மின் அகலம் 11 மி.மீ. கூடினால் டயரின் அகலம் 4 மி.மீ. கூடுகிறது. குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 12 விழுக்காடு உயர்கிறது. காற்றின் கொள்ளளவும் அதே அளவில் கூடும்.

கொள்ளளவைக் காட்டிலும் வடிவ மாற்றமே முக்கியமானது. குறுகிய ரிம்மில் டயர் மின்விளக்குக் குமிழ் போல அடியில் ஒடுங்கி மேலே உப்பி நிற்கும். வளைவில் சாயும்போது பக்கவாட்டு விசை அந்த ஒடுங்கிய கழுத்தின்மேல் விழுவதால் டயர் ரிம்மின்மேல் புரள முனையும். ஓட்டுநருக்கு அது வண்டி நெளிவது போலத் தோன்றும். அகல ரிம்மில் பக்கச்சுவர்கள் நிமிர்ந்து, கால்களை அகட்டி நிற்பவரைப் போல நிலைகொள்கின்றன.

1990களின் ஓட்டுநர் டயரை நெளியவிடாமல் வைத்திருக்க ஒரே வழி காற்றை ஏற்றுவதுதான். டியூப் நசுங்குவதைத் தடுக்கவும் அதுவே வழி. கல்லில் மோதும்போது டயர் முழுவதும் அமுங்கினால், டியூப் கல்லுக்கும் ரிம்மின் இரு விளிம்புகளுக்கும் இடையே சிக்கி அருகருகே இரு துளைகள் விழும். எனவே 35 முதல் 45 பிஎஸ்ஐ வரை காற்றடைப்பது வழக்கமாக இருந்தது.

அதன் விலை பிடிப்பிலும் சொகுசிலும் தெரிந்தது. டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ சுமையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் கிடைக்கும் அளவு. ஒரு சக்கரத்தின்மேல் 45 கிலோ சுமை இருந்தால் 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அந்தப் பரப்பு ஏறத்தாழ 16 சதுர செ.மீ.; 22 பிஎஸ்ஐயில் 30 சதுர செ.மீ. அளவுக்கு வரும். காற்று அதிகமான டயர் சிறு கல்லை விழுங்காமல் அதன்மேல் எகிறும். எகிறும் கணத்தில் பிடிப்பு இல்லை. ஒவ்வொரு எகிறலும் கைப்பிடிக்கும் இருக்கைக்கும் போய்ச் சேர்ந்து மணிக்கட்டையும் முதுகையும் களைக்கவைத்தது.

பொருந்தும் எண்களும் பொருந்தாத எண்களும்

ரிம்மும் டயரும் பொருந்துவது இரு அளவுகளைச் சார்ந்தது. பீட் அமரும் விட்டம் துல்லியமாக ஒன்றாக இருக்க வேண்டும். அகலத்தில் ஓரளவு இடைவெளி அனுமதிக்கப்படும். பழைய அங்குலப் பெயர்கள் இந்த இரண்டையும் குழப்பின. டயரின் வெளிவிட்டத்தைத் தோராயமாகச் சொன்ன அந்தப் பெயர்கள், ரிம்மின் விட்டத்தைச் சொல்லவில்லை.

மலை மிதிவண்டியின் 26 × 1.75 டயர் அமரும் விட்டம் 559 மி.மீ. ஷ்வின் நிறுவனத்தின் பழைய 26 × 1¾ டயர் அமர்வது 571 மி.மீ. ரிம்மில். கணக்கில் 1.75-ம் 1¾-ம் ஒன்றே. ஆனால் ஒன்றை மற்றதில் மாட்ட முடியாது. 26 × 1⅜ டயருக்கு விட்டம் 590. இந்தியாவிலும் இலங்கையிலும் தலைமுறைகளாக ஓடிய ரோட்ஸ்டர் வண்டிகளின் 28 × 1½ டயருக்கு விட்டம் 635. ‘29 அங்குலம்’ எனப்படும் இன்றைய மலை வண்டியின் ரிம் விட்டமோ 622 மட்டுமே. பெயரில் பெரிய 29, அளவில் 28-ஐவிடச் சிறியது.

ஐரோப்பிய டயர், ரிம் தொழில்நுட்ப அமைப்பான இடிஆர்டிஓவின் அளவுமுறையும் ஐஎஸ்ஓ 5775 தரமும் இந்தக் குழப்பத்தைத் தீர்த்தன. டயரின் பக்கத்தில் 57-559 என்று இருந்தால் 57 என்பது டயரின் அகலம், 559 என்பது பீட் அமரும் விட்டம், இரண்டும் மி.மீ. அளவில். ரிம்மில் 559 × 19 என்று இருந்தால் 19 உள் அகலத்தைக் குறிக்கும். எந்த ரிம் அகலத்துக்கு எந்த டயர் அகலங்கள் ஏற்றவை என்ற அட்டவணைகளும் வகுக்கப்பட்டன. அவை அன்று புழக்கத்தில் இருந்த குறுகிய ரிம்களை அடிப்படையாகக் கொண்டிருந்தன. டயரில் அச்சிட்ட அகலம் ஒரு குறிப்பிட்ட ரிம்மில் அளந்தது. ரிம் மாறினால் அந்த எண்ணும் மாறும் என்பது பலருக்குத் தெரியவில்லை.

பனியும் மணலும் காட்டிய வழி

அகல ரிம்மின் பயன் மீண்டும் வெளிப்பட்டது பந்தயப் பாதையில் அன்று, பனியிலும் மணலிலும். 1987-ல் அலாஸ்காவில், நாய்வண்டிப் பந்தயத்துக்குப் பெயர்பெற்ற இடிடாராட் தடத்தை ஒட்டி ‘இடிடாபைக்’ என்ற குளிர்கால மிதிவண்டிப் போட்டி தொடங்கியது. பனியில் சக்கரம் புதைந்தால் வண்டியைத் தள்ளியே செல்ல வேண்டும். சிலர் இரண்டு ரிம்களைப் பக்கம் பக்கமாக இணைத்துப் பார்த்தனர். பேர்பேங்க்ஸ் நகரின் சைமன் ராக்கோவர் 44 மி.மீ. அகலமுள்ள ‘ஸ்னோகேட்’ ரிம்மை உருவாக்கினார். கடையில் கிடைக்கும் அதே டயர் அதன்மேல் தட்டையாக விரிந்து, மிகக் குறைந்த காற்றிலும் ரிம்மை விட்டு நழுவாமல் நின்றது. புதிய டயர் இல்லாமலேயே, ரிம்மை மட்டும் மாற்றிப் பிடிப்பைப் பெருக்கலாம் என்பதற்கு அது நேரடிச் சான்று.

நியூ மெக்சிகோவில் ரே மொலினா, மெக்சிகோவின் மணற்பாங்கான ஆற்றுப் படுகைகளில் ஓட்டுவதற்காக 80 மி.மீ.-க்கும் மேலான ரிம்களையும் 3.5 அங்குல டயர்களையும் செய்வித்தார். இந்த இரு முயற்சிகளின் தொடர்ச்சியாக 2005-ல் சர்லி நிறுவனம் பக்ஸ்லி என்ற வண்டியைப் பொதுச்சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் ரிம் 65 மி.மீ., டயர் 3.7 அங்குலம். ‘ஃபேட் பைக்’ என்ற வகை அதிலிருந்து பரவியது. 10 பிஎஸ்ஐக்கும் குறைந்த காற்றில் ஓடும் அந்த வண்டிகளைப் பனிக்கான விசித்திரப் பொருளாகவே பலர் பார்த்தனர். ஆனால் அவற்றை வேனிற்காலப் பாதையில் ஓட்டியவர்களுக்கு, சஸ்பென்ஷன் இல்லாமலேயே கிடைத்த மென்மையும் பிடிப்பும் புதிதாக இருந்தன.

இதற்கிடையே இறக்கப் பந்தய ஓட்டுநர்களும் அகல ரிம்மைப் பயன்படுத்தி வந்தனர். நோக்கியன் நிறுவனத்தின் 3 அங்குல டயர் போன்றவற்றைக் குறுகிய ரிம்மில் ஓட்ட முடியாது. ஆனால் அந்த அலுமினிய ரிம்கள் மிகக் கனமானவை. மலையின் உச்சிக்கு வாகனத்தில் ஏறிச் செல்பவர்களுக்கு மட்டுமே அவை ஏற்றவையாக இருந்தன.

டியூப் போனது, பிரேக் இடம் மாறியது

அகல ரிம் பொதுப் பயன்பாட்டுக்கு வர மூன்று மாற்றங்கள் வழிவகுத்தன. முதலாவது டியூப்லெஸ். 1999-ல் மேவிக், டயர் நிறுவனங்களான ஹட்சின்சன், மிச்செலின் ஆகியவற்றுடன் சேர்ந்து யுஎஸ்டி என்ற முறையை அறிமுகப்படுத்தியது. டியூப் இல்லாததால் நசுங்கித் துளைபடும் பிரச்சினை நீங்கியது. காற்றைக் குறைக்கும் துணிவு வந்தது. 2001-ல் ஸ்டான் கோஸியாடெக் தொடங்கிய ஸ்டான்ஸ் நோடியூப்ஸ் நிறுவனம், துளையை உள்ளிருந்தே அடைக்கும் திரவத்தையும் சாதாரண ரிம்மை டியூப்லெஸ்ஸாக மாற்றும் பட்டையையும் விற்றது.

காற்றைக் குறைத்ததும் குறுகிய ரிம்மின் பழைய குறை பெரிதாகத் தெரிந்தது. டயர் நெளிந்தது மட்டுமன்றி, கூர்மையான வளைவில் பீட் ஒரு கணம் ரிம்மை விட்டு விலகிக் காற்று வெளியேறியது. முன் சக்கரத்தில் அப்படி நடந்தால் விழுவது உறுதி. குறைந்த காற்றைப் பாதுகாப்பாகப் பயன்படுத்த அகலமான அடித்தளம் தேவைப்பட்டது.

இரண்டாவது டிஸ்க் பிரேக். 2000களில் அது பரவியதும் ரிம்மின் பக்கங்கள் பிரேக் கட்டையிலிருந்து விடுபட்டன. தேய்மானத்துக்கென்று ஒதுக்கிய உலோகத்தை அகலத்துக்குப் பயன்படுத்த முடிந்தது. மூன்றாவது கார்பன் இழை. அலுமினியத்தில் கனத்துப்போகும் அகலத்தைக் கார்பனில் தாங்கக்கூடிய எடையில் செய்ய முடிந்தது. பக்கச்சுவரின் உட்புறத்தில் இருந்த கொக்கி வடிவ விளிம்பையும் பல தயாரிப்பாளர்கள் நீக்கினர். மலை வண்டியின் குறைந்த காற்றழுத்தத்துக்கு அது தேவைப்படவில்லை. கொக்கி நீங்கியதால் சுவரைத் தடிப்பாகவும் கல்லடி தாங்குவதாகவும் வார்க்க முடிந்தது.

அகலத்தின் அலை

2012-ல் சர்லி நிறுவனத்தின் கிராம்பஸ், 29 × 3 அங்குல டயரை 50 மி.மீ. ரிம்மில் கொண்டுவந்தது. 2014-ல் ஐபிஸ் நிறுவனம் 741, 941 என்ற கார்பன் ரிம்களை வெளியிட்டது. அவற்றின் வெளி அகலம் 41 மி.மீ., உள் அகலம் 35 மி.மீ. சாதாரண 2.3 அங்குல டயரையே அதில் மாட்டி, காற்றைப் பல பிஎஸ்ஐ குறைத்து ஓட்டலாம் என்பதே அதன் வாதம். மேவிக் 517-ன் எண் உள் அகலத்தைச் சொன்னது. ஐபிஸ் 741-ன் எண் வெளி அகலத்தைச் சொன்னது. இரண்டையும் ஒரே அளவாக எண்ணிய வாடிக்கையாளர்கள் குழம்பினர்.

அதே ஆண்டில் டபிள்யூடிபி நிறுவனம் 27.5 × 2.8 அங்குல ‘பிளஸ்’ டயரை அறிமுகப்படுத்தியது. 584 மி.மீ. ரிம்மில் 71 மி.மீ. உயரமான டயரை இருபுறமும் கூட்டினால் மொத்தம் 726 மி.மீ. 622 மி.மீ. ரிம்மில் 53 மி.மீ. டயருக்கு அது 728 மி.மீ. எனவே 29 அங்குல வண்டிகள் சிலவற்றில் சக்கரத்தை மட்டும் மாற்றி பிளஸ் வண்டியாக்க முடிந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பெரும்பாலான நிறுவனங்கள் பிளஸ் வண்டிகளை விற்றன. டயர் தயாரிப்பாளர்களும் ரிம்மைக் கணக்கில் எடுக்கத் தொடங்கினர். மேக்சிஸ் நிறுவனம் 35 மி.மீ. உள் அகலத்துக்கென வடிவமைத்த டயர்களை ‘வைட் டிரெயில்’ என்று குறியிட்டு விற்றது. டயரும் ரிம்மும் ஒன்றாகச் சேர்த்து வடிவமைக்கப்பட வேண்டியவை என்பது அப்போது வணிகத்திலும் ஏற்கப்பட்டது.

எல்லை எங்கே

அகலத்துக்கும் எல்லை உண்டு என்பதை அடுத்த சில ஆண்டுகள் காட்டின. முதல் சிக்கல் டயரின் மேற்பரப்பு. நடுவில் உள்ள ரப்பர் பட்டன்கள் நேராக ஓடுவதற்கும், ஓரப் பட்டன்கள் சாயும்போது கவ்வுவதற்கும் அமைக்கப்பட்டவை. பழைய 2.3 அங்குல டயரை 40 மி.மீ. ரிம்மில் மாட்டினால் மேற்பரப்பு சதுரமாகித் தட்டையாகும். ஓரப் பட்டன்கள் நேராக ஓடும்போதே தரையை உரசும். சாயும்போது அவற்றைத் தாண்டிச் சட்டென வழுக்கும்.

இரண்டாவது, ரிம்முக்கு இருந்த காப்பு குறைந்தது. முன்பு கணக்கிட்ட 150 மி.மீ. உறையையே எடுத்துக்கொள்ளலாம். ரிம்மின் சுவர்கள் ஒவ்வொன்றும் 3 மி.மீ. தடிப்பு என்றால், 19 மி.மீ. ரிம்மில் டயர் இருபுறமும் ஏறத்தாழ 14 மி.மீ. வெளியே நீண்டு ரிம்மை மறைக்கும். 40 மி.மீ. ரிம்மில் அது 8 மி.மீ. அளவுதான். பக்கவாட்டில் வரும் கல் ரிம்மின் விளிம்பையோ டயரின் மெல்லிய பக்கச்சுவரையோ நேரே தாக்கும்.

மூன்றாவது சிக்கல் சொகுசோடு தொடர்புடையது. உறையில் ஏற்படும் இழுவிசை காற்றழுத்தத்தையும் வளைவின் ஆரத்தையும் பெருக்கினால் கிடைக்கும். ரிம் அகலமானால் ஆரம் கூடுகிறது. 19-லிருந்து 30 மி.மீ.-க்குப் போனால் ஏறத்தாழ 7 விழுக்காடு. எனவே அகல ரிம்முக்கு மாறியவர் பழைய காற்றையே அடைத்தால் டயர் முன்பைவிட விறைப்பாக இருக்கும், ஓட்டம் கடினமாகும். மறுபுறம், பிளஸ் டயரில் காற்றை மிகவும் குறைத்தால் அது பந்து போலத் துள்ளும். சஸ்பென்ஷனில் துள்ளலை அடக்கும் எண்ணெய்த் தடை உண்டு. டயரில் அத்தகைய அமைப்பு இல்லை. அகல ரிம் தானாகச் சொகுசைத் தருவதில்லை. காற்றைக் குறைத்தும் டயரை நிலையாக வைத்திருக்கும் வாய்ப்பையே அது தருகிறது. அந்த வாய்ப்பை எவ்வளவு பயன்படுத்துவது என்பது ஓட்டுநரின் எடையையும் பாதையையும் பொறுத்தது.

2010களின் இறுதிக்குள் பிளஸ் அலை தணிந்தது. 2.4 முதல் 2.6 அங்குல டயர், 30 மி.மீ. அளவில் உள் அகலம் என்ற இணை பொதுவழக்கானது. குறுக்குநாட்டுப் பந்தய ரிம்கள்கூட 17 மி.மீ.-க்குத் திரும்பவில்லை, அவையும் 25 முதல் 30 மி.மீ. அளவுக்கு வந்தன. இடிஆர்டிஓ அமைப்பும் தன் பரிந்துரைகளை அகல ரிம்களுக்கு ஏற்பத் திருத்தியது.

ஆய்வு அத்துடன் நிற்கவில்லை. 2019-ல் ஜிப் நிறுவனம் வெளியிட்ட 3ஜீரோ மோட்டோ ரிம், 30 மி.மீ. உள் அகலத்துடன் ஒற்றைச் சுவராகச் செய்யப்பட்டது. கல்லில் மோதும்போது ரிம்மே பக்கவாட்டில் சற்றுச் சாய்ந்து கொடுக்கும்படி அது அமைந்தது. கிராங்க்பிரதர்ஸ் நிறுவனத்தின் சின்தெசிஸ் சக்கரங்களில் முன் ரிம் 31.5 மி.மீ., பின் ரிம் 29.5 மி.மீ. முன்சக்கரத்துக்குப் பிடிப்பும் மென்மையும் தேவை. பின்சக்கரம் அதிகச் சுமையையும் அடியையும் தாங்க வேண்டும் என்ற வேறுபாட்டை அது ஏற்றுக்கொண்டது.

இன்றைய பயன்பாட்டில்

டயர் அல்லது ரிம் மாற்றும்போது முதலில் பார்க்க வேண்டியது 559, 584, 622 என்ற விட்ட எண். இவற்றில் ஒரு மி.மீ. வேறுபாட்டுக்கும் இடமில்லை. அடுத்து ரிம்மின் உள் அகலம். ரிம்மின் பெயரில் உள்ள எண் வெளி அகலமாக இருக்கக்கூடும் என்பதால் தயாரிப்பாளரின் அளவைப் பார்ப்பது நல்லது. பொதுவாக 2.2 முதல் 2.4 அங்குல டயருக்கு 25 முதல் 30 மி.மீ., 2.4 முதல் 2.6 அங்குல டயருக்கு 30 முதல் 35 மி.மீ., 2.8-க்கும் மேல் 35 முதல் 40 மி.மீ. உள் அகலம் ஏற்றதாகக் கொள்ளப்படுகிறது. அகல ரிம்மில் டயர் விரிவதால், சட்டகத்துக்கும் ஃபோர்க்குக்கும் இடையே சேறு ஒட்டினாலும் உரசாத இடைவெளி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

கடைசியாகக் காற்று. அகல ரிம்முக்கு மாறியவர் பழைய அழுத்தத்திலிருந்து சிறிது சிறிதாகக் குறைத்துப் பார்க்கலாம். ரிம் கல்லில் இடிக்கத் தொடங்கினாலோ வளைவில் டயர் நெளிந்தாலோ அதற்குச் சற்று மேலேயே நிறுத்த வேண்டும். ரீபேக் பாதையில் இறங்கியவர்களுக்குப் பலூன் டயரும் அகல எஃகு ரிம்மும் தந்த மெத்தை, இலேசான பொருளிலும் டியூப் இல்லாத டயரிலும் இவ்வாறே மீண்டும் ஓட்டுநருக்குக் கிடைக்கிறது.